தீனிப்பையில் கிடந்தது

ரெம்பா டவுனிலிருந்து உள்ளே ஆறு மைல் தள்ளியிருந்த கல்லுமேட்டு ரப்பர் தோட்டத்தில் கோழிக்குச் சீக்கு வந்தால் எல்லாரும் பஞ்சாலையைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களே தவிர, அவள் வைத்தியம் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க மாட்டார்கள். செத்த கோழியை அவள் சும்மா புதைக்க விடுவதில்லை. மடியில் போட்டு அறுத்து, குடலையும் ஈரலையும் விரலால் விலக்கி விலக்கிப் பார்ப்பாள். "எதுல போச்சுன்னு தெரிஞ்சாத்தானே அடுத்ததைக் காப்பாத்தலாம்" என்பாள். பார்த்து முடித்த பிறகுதான் குழி.

அவள் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. என் அம்மா மங்கம்மாவுக்கு அக்கா முறை, எனக்குப் பெரியம்மா. இருந்தாலும் இங்கே பெயர் சொல்லியே எழுதுகிறேன். நடந்ததில் பாதியை அவள் சொன்னாள், மீதியை அம்மா சொன்னாள். நான் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு.

ஒன்பது வயதில் சேலத்துப் பக்கமிருந்து கப்பலில் வந்தவள் பஞ்சாலை. வந்த இரண்டாம் வருஷமே பெற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. பதினாறில் அர்ச்சுனனைக் கட்டினாள். பெற்ற இரண்டும் தொட்டிலிலேயே போயின. ஆண்பிள்ளைக் குரல், நெட்டையான உடம்பு. பால்மரம் வெட்டுவதில், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்குவதில், அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. மீதி நேரமெல்லாம் கோழிகளோடுதான்.

ஜப்பான்காரன் வந்த அடுத்த வருஷம் ஆடி மாதம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிற்க வைத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசித்தார். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார். நாற்பத்திரண்டு பேர் லாரியில் ஏறினார்கள். அர்ச்சுனன் ஏறினான். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டியின் தம்பி முருகையாவும் ஏறினான். முருகையாவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான். அவன் பெண்டாட்டி நீலாவதிக்குப் பத்தொன்பது வயசு. லாரி போன பிறகு அவள் புழுதியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். பஞ்சாலைதான் இடுப்பைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு வந்தாள்.

மூன்று மாதம் போனது. ஒருவரும் திரும்பவில்லை, ஒரு கடிதாசும் வரவில்லை. கூலிகள் குடியிருந்த லயங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லாததால் மரம் வெட்டுவதும் நின்றது. எல்லாரும் மரவள்ளி நட்டார்கள், சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். உப்பு ஒரு சிட்டிகை கிடைத்தால் பெரிசு. கோழி வைத்திருப்பவர்கள் அதை மனிதரைப் போல ஒளித்து வைத்தார்கள். சிப்பாய்கள் வந்தால் முதலில் பார்ப்பது கோழிக்கூண்டைத்தான். லாரிச் சத்தம் கேட்டதும் கோழியின் அலகைத் துணியால் கட்டி அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். பஞ்சாலையிடம் பதினேழு கோழிகள் இருந்த காலம் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சாம்பல் நிறம், கழுத்தில் ரோமம் குறைவு. சாம்பலி என்று கூப்பிடுவாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, அடைமழைக்கு நடுவே லாரி வந்தது. சாலை முனையில் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டினால் இளம்பெண்களெல்லாம் ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வழக்கமாக மேற்கே ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் போவார்கள். அன்றைக்கு ஆற்றுப் பாலத்திலேயே சிப்பாய்கள் நின்றுவிட்டதால் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். நீலாவதி மட்டும் வரவில்லை. அவள் துணி மூட்டையும் வீட்டில் இல்லை.

அன்று காலை லியாக்கத் அலியின் சைக்கிள் லயத்துக்கு வந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். ரெம்பாவிலிருந்து கருவாடும் உப்பும் கொண்டுவந்து விற்கும் இளைஞன் அவன். டயருக்குப் பதில் ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிள், தூரத்திலேயே கடகடவென்று கேட்கும். நீலாவதி அவனிடம் நின்று பேசுவாள், சிரிப்பாள். அது போதாதா? ராத்திரிக்குள் கதை முடிவாகிவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் அவனோடு கிளம்பிவிட்டாள், தெமியாங் பக்கம் எங்கோ வைத்திருக்கிறான்.

மறுநாள் முனியாண்டி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் முச்சந்தியில் அவனை மறித்தான். மரத்தில் கட்டி அடித்தார்கள். ஒரு கால் முறிந்தது. அவன் ஏதோ சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தானாம், யாரும் காதில் வாங்கவில்லை. அதோடு அவன் தோட்டத்துக்கு வருவது நின்றது. முனியாண்டி ஆற்றில் இறங்கித் தம்பி பெண்டாட்டிக்குத் தலை முழுகினான். அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்றான். யாரும் எடுக்கவில்லை.

தை மாதக் கடைசியில் பால்மரங்கள் இலை உதிர்த்தன. உச்சி வெயிலிலும் நிழலாகக் கிடக்கும் தோட்டம் திடீரென்று மொட்டையாகி, கிளைகளுக்கு நடுவே வெள்ளை வானம் தெரியும். மனிதர் நடந்தாலும் பன்றி நடந்தாலும் சருகு ஒரே மாதிரிச் சத்தம் போடும். அந்தச் சமயத்தில்தான் சாம்பலியின் போக்கு மாறியது.

காலையில் கூண்டைத் திறந்தால் வாசலில் கொட்டிய மரவள்ளித் தோலைத் தொடாது. உச்சி நேரத்துக்குக் கிழக்குத் தீம்பார் என்ற ஒதுங்கிய மரப்பகுதிப் பக்கம் நேராக நடக்கும். பொழுது சாயத் திரும்பும். ஊரெல்லாம் புழுதி பறக்கும் காலத்தில் அதன் காலில் மட்டும் ஈரச் செம்மண் அப்பியிருக்கும்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, அது எங்க போவுது தெரியுமா? தட்டுன பக்கம் போவுது."

தட்டுன பக்கம் என்றால் அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி மழையின்போது கிழக்குத் தீம்பாரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டொக், டொக், டொக். மழை விட்ட இடைவெளியில் மட்டும் கேட்டது. கோடாலிச் சத்தமும் இல்லை, மரங்கொத்தியும் இல்லை. ஜப்பான்காரன் வந்த புதிதில் இரண்டு சீனர்களை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டுப் புதைத்ததாகப் பேச்சு உண்டு. அவர்கள்தான் தட்டுகிறார்கள் என்று ஆனது. மண்டோர் முனியாண்டி தீம்பார் வாயில் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை செருகினான். யாரும் தாண்டக்கூடாது என்றான். பெண்கள் வாசலில் சாம்பலைக் கோடாகக் கொட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பஞ்சாலையும் கொட்டினாள். அந்தச் சத்தம் ஒரே ஒரு நாள்தான் கேட்டது என்பாள் என் அம்மா. இரண்டு நாள் முழுக்கவும் மூன்றாம் நாள் மத்தியானம் வரைக்கும் கேட்டது என்பாள் பஞ்சாலை.

"பேய் புடிச்ச கோழி அக்கா அது. அறுத்துத் தூரப் போட்டுரு. கொழம்பு கூட வேணாம்" என்றாள் அம்மா.

"கோழியைப் பேய் புடிச்சு என்னாடி பண்ணப் போவுது? முட்டை விடுமா?" என்று பஞ்சாலை சிரித்தாள்.

ஐந்தாறு நாளில் சாம்பலி படுத்துவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மூலையில் நின்றது. கொண்டை கறுத்திருந்தது. பஞ்சாலை தூக்கி மடியில் வைத்து மார்பைத் தடவினாள். கழுத்துக்குக் கீழே தீனிப்பை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை. அலகைத் திறந்து முகர்ந்தாள். பழங்கஞ்சி நாற்றமாக இருந்தால் தீனி புளித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் உண்டு. இது வேறு. மழை நாளில் பூட்டிய வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

முதலில் கைவைத்தியம்தான். சூடாக்கி ஆறவைத்த தேங்காயெண்ணெய் அரைக்கரண்டியைச் சொட்டுச் சொட்டாகத் தொண்டையில் விட்டாள். வீட்டில் இருந்த எண்ணெயே அவ்வளவுதான். பிறகு இரண்டு விரலால் கட்டியை மேலிருந்து கீழாக நீவினாள். நீவி, விட்டு, மறுபடி நீவினாள். ஒரு பொழுது முழுக்க அப்படிச் செய்தும் இளகவில்லை. மறுநாள் வெங்காயத்தை நசுக்கிச் சாறு கொடுத்தாள். அதற்கு மறுநாள் கோழி தலையைத் தூக்கவேயில்லை.

"மங்கம்மா, வந்து புடி. அறுக்கணும்."

"செத்துருச்சாக்கா?"

"உசுரு இருக்கு. இருக்கும்போதே அறுக்கணும்."

அம்மாவுக்கு வர மனசில்லை. வராமலிருக்கவும் முடியவில்லை. போன வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளைத் தோளில் போட்டு ரெம்பாவுக்குச் சுமந்தவள் பஞ்சாலை.

சாயங்கால வெளிச்சத்தில் பின்வாசலில் பலகையைப் போட்டார்கள். சாம்பலியைச் சாக்கில் சுற்றி, கழுத்தும் மார்பும் மட்டும் வெளியே தெரியும்படி அம்மா பிடித்துக்கொண்டாள். பஞ்சாலை வீக்கத்தின் மேலிருந்த இறகுகளைப் பிடுங்கினாள். மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தண்ணீரால் கழுவினாள். அர்ச்சுனன் விட்டுப்போன சவரக்கத்தியைத் தணலில் காட்டினாள். நூல் எங்கும் கிடைக்காத காலம். அன்னாசி இலையைச் சீவி எடுத்த நாரையே வெந்நீரில் ஊறப்போட்டிருந்தாள்.

முதலில் மேல்தோலைக் கட்டைவிரல் நீளத்துக்குக் கீறினாள். ரத்தம் அதிகம் வரவில்லை. தோலை ஒதுக்கினால் உள்ளே பை தெரிந்தது, மெல்லிசாக, நீல நரம்புகளோடு. அதையும் கீறி, சுண்டுவிரலை உள்ளே விட்டாள்.

லாலாங் புல் வரும் என்று நினைத்தாள். புல் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. புல்லோடு பின்னிப் பிணைந்து, கறுப்பாக, நீளமாக. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு வந்த பிறகும் முடியவில்லை.

"என்னாக்கா அது? நூலா?"

பஞ்சாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதை விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். தலைமுடி. பெண்பிள்ளையின் தலைமுடி.

அம்மாவின் பிடி தளர்ந்தது. "விட்ராதடி, கெட்டியாப் புடி" என்றாள் பஞ்சாலை. மறுபடி விரலை விட்டுத் துழாவினாள். அடியில் ஏதோ கல் போலத் தட்டுப்பட்டது. கோழி கல் தின்பது சாதாரணம். வெளியே எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். அழுக்கு கரைந்ததும் உள்ளே சிவப்பாக மின்னியது.

ஏழுகல் மூக்குத்தி. ஆறு கல் சிவப்பு. ஏழாவது இருந்த இடத்தில் கறுப்பு அரக்கு. நீலாவதியின் மூக்குத்தியில் கல் ஒன்று விழுந்தபோது அரக்கை உருக்கி அடைத்துக் கொடுத்தது பஞ்சாலையேதான்.

"அக்கா" என்றாள் அம்மா.

"பேசாத. தைக்கணும்."

பையை உப்புத்தண்ணீரால் அலசினாள். அந்த வீட்டில் கடைசியாக இருந்த உப்பு அது. பையைத் தனியாகத் தைத்தாள், நான்கு தையல். தோலைத் தனியாகத் தைத்தாள், ஐந்து தையல். கை ஆடவில்லை. மஞ்சளை அப்பி, கோழியைக் கூடைக்குள் வைத்து மூடிய பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பொதச்சிரு அக்கா. முடியையும் அதையும் சேத்துப் பொதச்சிரு. நாம பாக்கல" என்றாள் அம்மா.

"அவ லியாக்கத் அலியோட போவலடி."

"போவலைனா என்னா? செத்தவ திரும்பியா வரப்போறா? மண்டோரு நம்மள விடுவானா? நாமதான் ஏதோ பண்ணிட்டோம்னு சொல்லுவான் லா."

பஞ்சாலை மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடியைக் காகிதத்தில் சுற்றி அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள். அரிசி இல்லாத பானை.

மறுநாளே கிழக்குத் தீம்பாருக்குக் கிளம்பினாள். கயிற்றில் செருகிய வேப்பிலை காய்ந்து ஈர்க்கு மட்டும் தொங்கியது. தாண்டினாள். நூறு அடி நடந்திருப்பாள். மொட்டை மரங்கள் வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. ஒவ்வொரு மரத்திலும் பழைய பால் கோப்பை கட்டியபடியே இருந்தது, உள்ளே கறுத்த தண்ணீர். அவள் நின்றால் சருகுச் சத்தம் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டடி வந்து, பிறகு நின்றது. திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி நடந்தாள், நின்றாள். மறுபடியும் இரண்டடி. "உடும்பா இருக்கும், இல்லைனா என் மனசு. ஆனா அதுக்கு மேல கால் வரல" என்று பின்னாளில் சொன்னாள். திரும்பி வந்துவிட்டாள். தீம்பார் பெரியது, எங்கே என்று தேடுவது? போன இடம் கோழிக்குத்தான் தெரியும்.

அதனால் காத்திருந்தாள். முதல் நாள் சாம்பலிக்குத் தண்ணீர் மட்டும். அடுத்த நாளிலிருந்து மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி விரலில் தொட்டு ஊட்டினாள். நாலாம் நாள் தானாகத் தலையைத் தூக்கியது. கொண்டையில் சிவப்பு திரும்பியது. கூடைக்கு எதிரே உட்கார்ந்து அது கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பஞ்சாலைக்கு வேறொரு கணக்கு மனசில் ஓடியது. லாரி வந்தது எந்தக் கிழமை? தட்டும் சத்தம் கேட்டது எந்தக் கிழமை? விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு முறை எண்ணிவிட்டு மறுபடி எண்ணவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள்.

எட்டாம் நாள் தையல் காய்ந்திருந்தது. உச்சி நேரத்தில் கூடையைத் தூக்கினாள். சாம்பலி இரண்டு முறை இறகை உதறியது. பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கிழக்கே நடந்தது.

பஞ்சாலை பின்னால் போனாள். கயிற்றைத் தாண்டி, அல்லூர் வாய்க்காலைத் தாண்டி, மரங்கள் முடிந்து லாலாங் புல் இடுப்பளவுக்கு மண்டிய மேட்டுக்கு வந்தார்கள். வெள்ளைக்காரத் துரை இருந்த கடைசி மாதத்தில், விமானம் குண்டு போட்டால் ஒளிந்துகொள்ள இங்கே குழிகள் வெட்டியிருந்தார்கள். மேலே மரக்கட்டை அடுக்கி, மண் போட்டு மூடிய குழிகள். துரை ஓடிய பிறகு யாரும் அதை நினைக்கவில்லை. மேட்டில் ஓரிடத்தில் மண் உள்வாங்கிச் சரிந்திருந்தது. சரிவின் ஓரத்தில் முறம் அளவுக்கு ஒரு துவாரம். சாம்பலி அதற்குள் இறங்கி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து சீய்க்கும் சத்தம் வந்தது. சர், சர், சர். நடுவில் ஒரு கொக் கொக்.

பஞ்சாலை மண்டியிட்டாள். குனிந்து பார்க்கவில்லை. "நீலா" என்று கூப்பிட்டாள். தன் குரலே துவாரத்துக்குள் போய் வேறு மாதிரித் திரும்பியது. சீய்க்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அவள் நேராகப் பெரட்டுக்களத்துக்குப் போனாள். முனியாண்டி மரவள்ளி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்து மூக்குத்தியை வைத்தாள்.

"அண்ணே, ஒங்க தம்பி பொண்டாட்டி எங்கயும் ஓடல. கெழக்குத் தீம்பாருல இருக்கா."

முனியாண்டி உள்ளங்கையைப் பார்த்தான். முகம் கறுத்தது. "இது ஒனக்கு எப்படிக் கெடச்சுது? அவ போவும்போதே நீ திருடி வச்சிக்கிட்டியா?"

"கோழி வயித்துல கெடச்சுது. மங்கம்மாவக் கேளுங்க. முடியும் இருக்கு, வேணும்னா கொண்டாறேன்."

"வாயக் கழுவு. அந்த ஓடுகாலிக்கு நீ வக்காலத்தா?"

"அண்ணே" என்றாள் பஞ்சாலை. குரலை உயர்த்தவில்லை. "மம்முட்டி எடுத்துக்கிட்டு வாங்க. நான் சொன்னது பொய்யின்னா அங்கயே என்னைப் போட்டு மூடிடுங்க."

மூன்று பேர் மண்வெட்டியோடு வந்தார்கள், லியாக்கத் அலியை அடித்த அதே மூன்று பேர். வெயில் தாழ்வதற்குள் மண்ணை விலக்கிக் கட்டைகளைத் தூக்கினார்கள். மழையில் ஊறிக் கூரையின் ஒரு பாதி மட்டும் விழுந்திருந்தது. மறுபாதி நின்றது. நின்ற பாதிக்கு அடியில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களின் மேலும் கட்டை கிடந்தது. பக்கத்தில் துணி மூட்டை. அவிழ்த்தால் முருகையாவின் சட்டையும் ஒரு சேலையும். சிப்பாய்கள் வீட்டைக் கொள்ளையடித்துவிடுவார்கள் என்று கையோடு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

மடியில் ஒரு பித்தளைச் சொம்பு. அதன் விளிம்பு ஒரே இடத்தில் நசுங்கி உள்ளே மடிந்திருந்தது. தலைக்கு நேர்மேலே கூரைக்கட்டையில் பிறை பிறையாகத் தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு.

ஒருவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். முனியாண்டி சொம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கயிறு கட்டியது அவன். அங்கே யாரும் போகக்கூடாது என்று சொன்னது அவன். அவன் அழுதானா என்று பஞ்சாலையைக் கேட்டேன். "அழுவுற மாதிரி வாயத் தொறந்தாரு. சத்தம் வரல" என்றாள்.

பொழுது மறையுமுன் அந்த மேட்டிலேயே அவளை முறைப்படி அடக்கினார்கள். மூட்டையிலிருந்த சேலையையே போர்த்தினார்கள். பால் தெளிக்கப் பால் இல்லை. பஞ்சாலை தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் விடிந்ததும் முனியாண்டி ரெம்பாவுக்கு நடந்தே போனான். லியாக்கத் அலி கடைவாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கால் கோணலாகக் கூடியிருந்தது. முனியாண்டி அவன் முன்னால் தெருவிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். லியாக்கத் அலி கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் அப்பவே சொன்னேனே மண்டோரே. அடிக்க அடிக்கச் சொன்னேனே. மூட்டையோட கெழக்கால ஓடுனதப் பாத்தேன், போய்த் தேடுங்கன்னு."

முச்சந்தியில் அவனை அடித்தது லாரி வந்த மறுநாள். அன்றைக்கும் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முனியாண்டி திரும்பி வந்து மண்டோர் வேலையை விட்டான். மரவள்ளிக் காட்டில் கூலிகளோடு கூலியாக நின்றான். யாரையும் அதட்டி ஒரு வார்த்தை பேசி அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

சாம்பலி இன்னும் ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தது. அதன் முட்டையை லயத்தில் யாரும் வாங்கவில்லை, அந்தப் பஞ்சத்திலும். பஞ்சாலையும் தின்னவில்லை. அடைவைத்துக் குஞ்சு பொரிக்கவிட்டாள். கடைசியில் ஒரு நாள் மூசாங் என்ற மரநாய் கடித்துப் போட்டது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு, சயாமுக்குப் போன நாற்பத்திரண்டு பேரில் ஐந்து பேர் திரும்பினார்கள். அர்ச்சுனன் இல்லை. முருகையா வந்தான். எலும்பும் தோலுமாக, காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஆறாத புண். அர்ச்சுனன் வாந்திபேதியில் போனதைப் பஞ்சாலையிடம் சொன்னது அவன்தான். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் ஒனக்கு ஒண்ணு சொல்லணும் தம்பி" என்றாள்.

எல்லாரும் அவனிடம் நீலாவதிக்குக் கூரை விழுந்த அன்றே உயிர் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்வதென்று லயமே பேசி வைத்திருந்தது. பஞ்சாலை சத்தத்தைச் சொன்னாள். எத்தனை நாள் என்று சொன்னாள். சாம்பலைக் கோடு போட்டுக் கதவைச் சாத்தினேன் என்று சொன்னாள்.

முருகையா வெகுநேரம் புண்ணில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தான்.

"அங்க பேதிக்காரங்களத் தனிக் கொட்டாயில போட்டுருவாங்க அக்கா. உசுரோடவே. தண்ணி வேணும்னு மூங்கிலத் தட்டுவாங்க. நாங்க இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டு இருப்போம். போனா நமக்கும் ஒட்டிக்கும்." ஈயை மறுபடி விரட்டினான். "அர்ச்சுனன் மாமாவும் தட்டுனாரு."

பஞ்சாலை எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்க் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடித்தார்கள். அதை என் அம்மா பார்த்திருக்கிறாள். அவன் காலுக்குப் பஞ்சாலை நாலு மாதம் மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டினாள். புண் ஆறியதும் அவன் போர்டிக்சன் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். வருஷத்துக்கு ஒரு முறை அந்த மேட்டுக்கு வந்து போவான்.

புதுத் துரை வந்து தோட்டத்தை மறுபடி எடுத்தபோது, பழைய குண்டுக்குழிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மாடு விழுகிறதாம். மூடப் போன கூட்டத்தில் பஞ்சாலையும் இருந்தாள். மொத்தம் ஒன்பது குழிகள். ஒவ்வொன்றிலும் மண் தள்ளுமுன் அவள் விளிம்பில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டுத் தன் ஆண்பிள்ளைக் குரலில் கூப்பிடுவாள்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

பதிலுக்காகக் காத்திருப்பாள். முதல் குழியில் புது ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். பழைய ஆட்கள் சிரிக்கவில்லை. நாலாவது குழிக்கு வந்தபோது, அவள் எழுந்து கையசைக்கும் வரை புது ஆட்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்திறக்காமல் நின்றார்கள்.